டாக்டரம்மாவின் கூப்பே என்ன நிறம்?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்கு ஒரு கரும்பு டிராக்டர் காரணம். 2010 பிப்ரவரியில் மேல்பட்டாம்பாக்கத்தில் காரைப் பின்னால் எடுக்கும்போது, கரும்பு ஏற்றி நின்ற டிரெய்லரில் கதவை இடித்துவிட்டேன். ஒடுக்கு எடுத்தாயிற்று. ஆனால் கதவுக்கு மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்தால் மற்ற பக்கங்களோடு சேராது, கலர் கலக்குவதென்றால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மோகனப்பிரியாவிடம் போங்கள் என்றார்கள். போனேன். என் கார் சாம்பல் நிறம் என்றேன். "எந்தச் சாம்பல் சார்?" என்று கேட்டார். சாம்பலில் வகை உண்டு என்று அன்றுவரை நான் நினைத்ததில்லை. கலந்து, தகட்டில் அடித்து, காய வைத்து, வெயிலில் தூக்கிப் பார்க்க மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரத்தில் அவர் சொன்னதுதான் இது.

ஒன்றை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கார்களைப் பற்றி எதுவும் தெரியாது. அதனாலோ என்னவோ, இந்தக் கதையைத் தொடங்கவே நான்கு மாதம் ஆனது. முதலில் இப்படி எழுதினேன்:

கூப்பே என்பது வெறும் கார் அல்ல, அது ஒரு

(ஒரு என்ன? கவிதையா, காதலா? தெரியாததை எழுதும்போது இந்த 'வெறும்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடித்தேன்.)

அடுத்தது: 1968 கோடையில், திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே கேட் மூடியிருந்த நேரத்தில், அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பையன்

இது மோசமில்லை. ஆனால் கதை அந்தப் பையனுடையது இல்லை. மூன்று வாரம் அவனோடு மல்லுக்கட்டிய பிறகுதான் புரிந்தது. இது அவனுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டுவிட்ட ஒரு பெண்ணின் கதை. ஆகவே அவளிடமிருந்து தொடங்குகிறேன். (நேரில் அவரை 'நீங்கள்' என்றுதான் பேசினேன். கதைக்குள் 'அவள்' என்று எழுதினால்தான் பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறது. பொறுத்துக்கொள்வார்.)

2

மோகனப்பிரியாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பம். வேதியியல் படித்தவள். கடலூரில் ஒரு பெயிண்ட் கடையில் பில் போட உட்கார்ந்தாள். கலர் கலக்கும் இயந்திரம் மக்கர் செய்த ஒரு நாளில், கண்ணால் பார்த்தே ஒரு லாரிக்குப் பச்சை கலந்து கொடுத்தாள். அதன் பிறகு அவளை யாரும் பில் போட விடவில்லை. எட்டு வருஷம் கழித்துச் சொந்தக் கடை. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அங்கே ஸ்பிரே அடிக்க ஆண்டி என்று ஒருவர், ஐம்பது வயது. பெயிண்ட் துப்பாக்கி கையில் இல்லாத நேரத்தில் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்.

2009 ஜூனில் ஒரு திங்கட்கிழமை, சின்ன லாரி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. அதன் முதுகில் தாழ்வான, இரண்டே கதவு வைத்த, அழுக்கு வெள்ளைக் கார் ஒன்று. லாரியிலிருந்து இறங்கியவர் பெயர் நடனசபாபதி. சிதம்பரத்தில் மூன்று ஸ்கூல் வேன் வைத்திருப்பவர், அதில் ஒன்றை அவரே ஓட்டுபவர். நாற்பத்தெட்டு வயது.

"மேடம், இது என்னா வண்டின்னு தெரியுமா?"

"ரெண்டு கதவு வண்டி."

"கூப்பே! ரெனோ ஃப்ளோரிட். எஞ்சினு பின்னாடி. முன்னாடி தெறந்தா பொட்டிதான் வைக்கலாம். ஸ்டீயரிங் பாருங்க, லெஃப்ட்ல. பாண்டிச்சேரில இருந்த வெள்ளக்கார வாத்தியார் ஒருத்தர் ஊருக்குத் திரும்பிப் போவும்போது வித்துட்டுப் போனது. கடலூர்ல ஒரு லேடி டாக்டர் வச்சிருந்தாங்க. அப்பறம் ரைஸ் மில்லுக்காரர் ஒருத்தர் கைக்குப் போயி, இருவது வருசமா நெல்லு மூட்டைக்குப் பின்னாடி கெடந்துது."

மோகனப்பிரியா வண்டியைச் சுற்றி வந்தாள். கதவுக்குப் பின்னால், எஞ்சினுக்குக் காற்று போக, பக்கவாட்டில் கீறல்கள். பின்சீட் என்று ஒன்று இருந்தது. அதில் உட்காருபவர் முழங்காலை எங்கே வைப்பார் என்று தெரியவில்லை. தெரியாத எதையும் கேட்டுவிடுவது அவள் வழக்கம்.

"ஒன்னு கேக்கறன், தப்பா நெனைக்காதீங்க சார். அஞ்சு பேரு போற வண்டியத்தான எல்லாரும் வாங்குவாங்க? ரெண்டு பேருக்கு மேல போவ முடியாத வண்டிக்கு ஏன் இவ்ளோ மவுசு?"

நடனசபாபதி அவளை வண்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, முன் கண்ணாடி தொடங்கும் இடத்தில் ஒரு விரலை வைக்கச் சொன்னார். அப்படியே கூரை மேல் இழுத்துக்கொண்டே பின்னால் போகச் சொன்னார். அவள் விரலை இழுத்தபடி நடந்தாள். விரல் கூரையில் ஏறி, சரிந்து, பின்விளக்கில் போய் முடிந்தது.

"எங்கியாச்சும் நின்னுச்சா?"

"இல்ல."

"உங்க காருல இழுத்துப் பாருங்க. நாலு எடத்துல நிக்கும். நாலு கதவு வச்சா, உள்ள ஒக்கார்றவன் தலைக்கு எடம் வேணும், காலுக்கு எடம் வேணும், கூரைய நீட்டணும், பின்னாடி நிமுத்தணும். இதுல யாருக்காவவும் எதையும் நீட்டல. வரஞ்சவன் கைய எடுக்கவே இல்ல."

(நான் பின்னால் விசாரித்தேன். கூப்பே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'வெட்டப்பட்டது' என்று பொருள். குதிரை வண்டிக் காலத்திலேயே வந்த பெயர், பெரிய வண்டியை வெட்டிச் சிறிதாக்கியது. பழைய கார்ப் பிரியர்கள் ஏழு பேரைப் பிடித்து, கூப்பேயில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒருவர் நீளமான கதவு என்றார். ஒருவர் அந்தக் கதவைச் சாத்தும் சத்தம் என்றார். ஒருவர், அப்பாவால் வாங்கவே முடியாது என்று ஆறு வயதில் புரிந்துபோன முதல் பொருள் அது என்றார். ஏழு பேரும் கடைசியில் வந்து நின்றது ஒரே இடத்தில்: அதை முதன்முதலில் பார்த்த நாள். ஏறிப் போன நாளை யாரும் சொல்லவில்லை. ஏழு பேரில் ஐந்து பேர் ஏறியதே இல்லை.)

"என்ன கலர் அடிக்கணும்?" என்று மோகனப்பிரியா கேட்டாள்.

"செவப்பு. ஒரிஜினல் செவப்பு. அக்டோபர்ல பாண்டிச்சேரில பழைய கார் கண்காட்சி வருது. கம்பெனில இருந்து வந்தப்ப என்ன கலரோ அதுதான் இருக்கணும். இல்லன்னா உள்ளயே வுட மாட்டாங்க. நீங்க கீறிப் பாருங்க, அடியில செவப்பு இருக்கும். நான் பாத்துருக்கேன்."

எப்போது பார்த்தார் என்று அவள் கேட்டாள். சொன்னார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்பா சைக்கிளை ஒரு காலால் ஊன்றி நிறுத்தியிருந்தார். பக்கத்தில் இந்த வண்டி வந்து நின்றது. இடப்பக்கம் உட்கார்ந்து ஒரு அம்மா ஓட்டினார்கள். ஒரு பெண்பிள்ளை கார் ஓட்டி அவர் பார்த்ததும் அதுதான் முதல் தடவை. செக்கச் செவேலென்று இருந்தது. கை நீட்டித் தொட்டார். சூடாக இருந்தது. ரயில் போனது, கேட் திறந்தது, வண்டி போய்விட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கையெல்லாம் சிவப்பு. சட்டையில் துடைத்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கினார். அன்றிலிருந்து நோட்டுப் போட்டு வரைகிறார். உலகத்தில் வந்த கூப்பேக்கள் முந்நூற்றுச் சொச்சம் அந்த நோட்டுகளில் இருக்கின்றன. எல்லாமே சிவப்பு. வேறு கலர் பென்சில் வாங்கியதே இல்லையாம்.

3

பழைய வண்டியின் நிறத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் தொட்டு, நைஸ் உப்புத்தாளால், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் தகடு தெரியும்வரை. பிறகு துடைத்துப் பார்த்தால், ஒவ்வொரு காலத்தில் அடித்த பெயிண்டும் ஒவ்வொரு வளையமாகத் தெரியும்.

மோகனப்பிரியா மறுநாள் காலை ஐந்து இடத்தில் தேய்த்தாள். ஐந்திலும் ஒரே வரிசை. மேலே ரைஸ் மில்லுக்காரர் அடித்த வெள்ளை. அதற்குக் கீழே நீலம். அதற்குக் கீழே நீலத்துக்காகப் போட்ட ப்ரைமர், பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு. அதற்குக் கீழே இளம் க்ரீம், பாலாடை நிறம். அதற்குக் கீழே கம்பெனி ப்ரைமர், தகடு. டேஷ்போர்டுக்கு அடியிலும் கதவுக் கீலின் உள்பக்கத்திலும், யாரும் மறுபடி அடிக்காத இடங்களில், அதே க்ரீம் அப்படியே இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை.

சிதம்பரத்துக்குப் போன் போட்டாள்.

"சார், க்ரீம் சார்."

"இல்லம்மா. நல்லா பாருங்க."

"அஞ்சு எடத்துல பாத்துட்டன். க்ரீம்ல வந்து, நடுவுல நீலமாகி, அப்பறம் வெள்ளையாயிருக்கு. செவப்பு பெயிண்ட் இந்த வண்டி மேல படவே இல்ல."

அந்தப் பக்கம் வேனின் எஞ்சின் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் கேட்டன. பிறகு அவர் குரல், பள்ளிப் பிள்ளையின் குரல் போல இறங்கி:

"என் கையில ஒட்டிச்சும்மா."

4

இந்த இடத்தில் என் முதல் வரைவில் மோகனப்பிரியா போனை வைத்துவிட்டுக் க்ரீம் கலக்கத் தொடங்கினாள். கதை மூன்று பக்கத்தில் முடிந்தது. ஒரு நண்பர் படித்துவிட்டு, "சரி, அந்தாள் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறார், அவ்வளவுதானே?" என்றார். ஆமாம் என்றேன். ஆனால் மோகனப்பிரியா அப்படி விட்டுவிடும் ஆள் இல்லை. அந்தக் கடைசி வாக்கியம் அவளைத் தைத்துவிட்டது. முழுசாகக் காய்ந்த கார்ப் பெயிண்ட் கையில் ஒட்டாது. ஏழு வயதுப் பையன் நிறத்தைத் தப்பாக நினைவில் வைத்திருக்கலாம். வாங்கிய அடியைத் தப்பாக நினைவில் வைத்திருக்க மாட்டான்.

வண்டியில் தகட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. துருப்பிடித்த இடங்களை வெட்டி ஒட்ட இரண்டு மாதம் ஆகும். அந்த நேரத்தில் அவள் விசாரிக்கத் தொடங்கினாள்.

5

தேவனாம்பட்டினத்தில் அந்த வண்டியைத் தெரிந்த முத்தம்மாள் என்ற பெண்ணைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் ஆண்டி. மார்க்கெட்டில் மீன் விற்பவர், அறுபது வயது தாண்டியவர். மோகனப்பிரியா போனபோது தலையில் இருந்த அன்னக்கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். வண்டியைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"செவுளு வச்ச வண்டி! அதுலதான் எம் மூத்தவள பெத்துக்கப் போனன்."

"செவுளா?"

"ரெண்டு பக்கமும் மீனுக்கு இருக்குற மாரி கீறி வச்சிருக்குமே. எழுவதுல நடந்தது. எனக்கு வலி கண்டு ஒரு நாளாச்சி, புள்ள வரல. டாக்டரம்மாவுக்கு ஆள் வுட்டாங்க. அவுங்களே ஓட்டியாந்துட்டாங்க. எங்க மாமியா, நாத்தனாரு, எங்க ஊட்டுக்காரரு, பக்கத்து ஊட்டுக்காரி, எல்லாம் வண்டில ஏறப் போனாங்க. டாக்டரம்மா ஒரே சொல்லு சொன்னாங்க. 'வலிக்கிறவ ஒருத்தி, கூட ஒருத்தர். அதுக்கு மேல இதுல கதவு கெடையாது.'"

"கூட யாரு வந்தாங்க?"

"எங்க ஊட்டுக்காரரத்தான் பின்னாடி போட்டாங்க. நான் முன்னால. அவுரு ஆறடி. பின்னாடி மடங்கிக் கெடந்தாரு. ஆஸ்பத்திரி வந்ததும் நான் எறங்கிட்டன். நர்சம்மா என்னத் தள்ளிக்கினு உள்ள பூட்டாங்க. இந்தாளு எறங்கணும்னா முன் சீட்ட மடக்கணும், எப்பிடி மடக்கறதுன்னு தெரியல. புள்ள பொறந்து அழுதுகினு கெடக்குது, இவுரு வெயில்ல வண்டிக்குள்ள ஒக்காந்து கண்ணாடியத் தட்டிக்கினு கெடக்குறாரு!"

முத்தம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய கணவர் 2004 டிசம்பரில் அலையில் போனவர் என்று ஆண்டி பின்னால் சொன்னார். (இதை எங்கே வைப்பதென்று வெகுநேரம் யோசித்தேன். முத்தம்மாள் அதைச் சொல்லவில்லை. அவர் அந்த மனிதரை அன்று காரின் பின்சீட்டில்தான் வைத்திருந்தார். நானும் அங்கேயே விடுகிறேன்.)

"வண்டி என்ன கலரும்மா?"

"நீலம். கடல் நீலம். வேற என்னா?"

வளையங்கள் சொன்னது சரி. எழுபதில் நீலம். கம்பெனியிலிருந்து வரும்போது க்ரீம். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ 1968 இருந்தது.

6

வண்டியை வைத்திருந்த டாக்டர் சவரியம்மாளுக்கு எண்பத்து நாலு வயது. சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் தங்கை மகனின் வீட்டு மாடியில் இருந்தார். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோகனப்பிரியா போனாள். நடனசபாபதியிடம் சொல்லவில்லை. ஒரே ஊர்தான், அவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஏனோ தனியாகக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

டாக்டர் மிக்சரைத் தட்டில் கொட்டி அவள் பக்கம் தள்ளினார். காது நன்றாகவே கேட்டது.

"எதுக்கும்மா கூப்பே வாங்கினேன்னா கேக்கறே? நாலு கதவு வச்ச அம்பாசிடரு எனக்கும் கெடச்சிருக்கும். ஆனா நம்ம ஊர்ல ஒரு பிரசவத்துக்குக் காரு போச்சின்னா, ஏழு பேரு ஏறிக்குவான். வலில துடிக்கிறவ மடியில ரெண்டு புள்ளைங்க ஒக்காரும். முடியாதுன்னு சொன்னா பொம்பள டாக்டருக்குத் திமிருன்னுவான். இந்த வண்டில நான் எதுவும் சொல்லவே வேண்டியதில்ல. வண்டியே சொல்லிடும்."

நடனசபாபதி சொல்லித் தன் விரல் இழுத்துப் பார்த்ததை மோகனப்பிரியா நினைத்துக்கொண்டாள். யாருக்காகவும் எதையும் நீட்டாத கோடு. அவர் அதை அழகு என்றார். இந்த அம்மாவுக்கு அது காவல்.

"டாக்டரம்மா, அது அறுபத்தெட்டுல என்ன கலர்ல இருந்துச்சி?"

டாக்டர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை விரித்தார்.

"தெரியலியேம்மா."

"பதினெட்டு வருசம் ஓட்டியிருக்கீங்க!"

"ஓட்டுனவளுக்குக் கலரு எங்க தெரியும்? நான் உள்ள இருந்தேன். கலரெல்லாம் எதுத்தாப்புல வர்றவனுக்கு."

(இந்த வரியைக் கேட்டதும் நான் என் காருக்காக அடித்த தகடு காய்வதை மறந்துவிட்டேன். கார்ப் பிரியர்கள் ஏழு பேர் சொன்னதும் இதுதான், அவர்களுக்கே தெரியாமல். ஒரு கட்டுரையாளனாக இருந்தால் இந்த இடத்தில் முடித்துக்கொண்டு எழுந்துவிடலாம். கொட்டகையில் இன்னும் ஒரு மதியம் பாக்கியிருக்கிறது.)

7

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை. தகட்டு வேலை முடிந்துவிட்டது. ஆண்டி கண்ணாடிகளுக்குச் செய்தித்தாள் ஒட்டி, காலையில் வண்டி முழுக்க ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடித்திருந்தார். துரு பிடிக்காமல் இருக்க, இங்கே எல்லா வண்டிக்கும், கேட்டுக்கும், படகு எஞ்சின் மூடிக்கும் அடிக்கிற அதே செங்கல் சிவப்பு. காய்ந்ததும் உப்புத்தாளால் மெல்ல ஒரு கை தேய்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். மோகனப்பிரியா உள்ளே க்ரீமுக்கு மஞ்சளைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே ஒரு வேன் நின்றது. நடனசபாபதி சொல்லாமல் வந்திருந்தார். கொட்டகைக்குள் போன சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அவள் போய்ப் பார்த்தபோது அவர் வண்டிக்கு ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். தகரத்தின் இடைவெளியில் வெயில் வண்டி மேல் விழுந்திருந்தது.

"இதான்," என்றார். "இதாம்மா. எங்க கண்டுபுடிச்சீங்க? இதே செவப்பு. நான்தான் சொன்னன்ல?"

ஐந்து இடத்தில் தேய்த்தபோதும் அந்த வளையத்தை அவள் பார்த்துத்தான் இருந்தாள். நீலத்துக்கும் க்ரீமுக்கும் நடுவே. 'நீலத்துக்காகப் போட்ட ப்ரைமர்' என்று ஒதுக்கிவிட்டாள். ப்ரைமரை எந்தப் பெயிண்ட்காரரும் கலர் என்று எண்ணுவதில்லை. சமைக்கிறவர்கள் தண்ணீரைப் பண்டம் என்று எண்ணாத மாதிரி.

அவர் கிட்டே போய்க் கதவில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். உப்புத்தாள் போட்ட பொடி, கை ரேகையெல்லாம் சிவப்பு.

"சார்," என்றாள். அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை. "சார், இது கலர் இல்ல. ப்ரைமர். இதுக்கு மேலதான் கலர் அடிக்கணும்."

அவர் திரும்பவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் பாத்தது?"

"இதத்தான் பாத்துருக்கீங்க. நீலம் அடிக்கறதுக்கு முன்னாடி."

"பாதி வேலையில நின்ன வண்டியா?"

அவர் சுவரோரம் கிடந்த காலி டின் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை மோகனப்பிரியா என்னிடம் சொன்னபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். "நாப்பத்தோரு வருசம். முந்நூறு வண்டிக்கு இந்தக் கலரு போட்டன் மேடம். கலரே இல்லாத ஒன்ன."

8

(உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ப்ரைமரோடு ஒரு டாக்டர் ஏன் ஊருக்குள் கார் ஓட்ட வேண்டும்? மோகனப்பிரியாவுக்கும் அங்கேயே, அந்த நிமிஷத்திலேயே வந்தது. அதனால்தான் அடுத்தது நடந்தது. நான் புகுத்தியது இல்லை.)

அவள் கைப்பேசியில் டாக்டரைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"டாக்டரம்மா, மோகனா பேசறன். அறுபத்தெட்டு கோடைல வண்டிய பெயிண்டுக்கு வுட்டீங்களா?"

"வுட்டேன்... ஆமா, வுட்டேன். அடியெல்லாம் துரு புடிச்சிப் போயி, முதுநகர்ல ஒருத்தன்கிட்ட. ஒரு வாரம்னான். ரெண்டாவது நாளே போயி எடுத்துட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா? ரெண்டு நாள் வண்டி இல்ல. மொத நாளு மாட்டு வண்டில ஒருத்தியக் கொண்டாந்தாங்க. வர்ற வழிலயே..." டாக்டர் நிறுத்தினார். "தாயும் இல்ல, புள்ளையும் இல்ல. பத்தொம்போது வயசு. நான் நேரா போயி, குடு சாவிய, பெயிண்ட்டும் வேணாம் ஒன்னும் வேணாம்னு எடுத்தாந்துட்டேன். அப்பறம் மூனு மாசம் அப்பிடியேதான் ஓட்டினேன். வெள்ளப் பொடவையெல்லாம் செவப்பாகும். மழை வரப்போவுதுன்னு அவனே வந்து கெஞ்சி வாங்கிட்டுப் போயி, இருந்த நீலத்த அடிச்சிக் குடுத்தான். எதுக்கும்மா கேக்கறே?"

மோகனப்பிரியா நடனசபாபதியைப் பார்த்தாள்.

"ஒருத்தரு அப்ப உங்க வண்டிய ரயில்வே கேட்டாண்ட பாத்தாராம். செவப்பா இருந்துச்சின்னு சொல்றாரு."

"பாத்துருப்பான். கேட்ல நிக்கிறவன்லாம் தொட்டுத்தான் பாப்பான்."

போன் அடங்கியது. ஆண்டி டீக்கடையிலிருந்து திரும்பி வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

நடனசபாபதி எழுந்து செய்தித்தாள் ஒட்டிய கதவைத் திறந்து, இடப்பக்க சீட்டில், ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் இருந்தார். உள்ளிருந்து பார்த்தால் எந்த நிறமும் தெரிந்திருக்காது.

வெளியே வந்தபோது முகம் கழுவியது போல இருந்தது. மோகனப்பிரியா அவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். க்ரீம் அடித்தால் கண்காட்சிக்குப் போகலாம், அது நிஜமும் கூட. ப்ரைமரோடு விட்டால் கடலூர்க் காற்றுக்குத் தாங்காது. அது தண்ணீரைக் குடிக்கும், ஐப்பசி மழை ரெண்டு பெய்தால் தகடு துருப்பிடித்துவிடும்.

"மேல வார்னிஷ் அடிச்சா?"

"பளபளன்னு ஆயிரும் சார். நீங்க பாத்தது பளபளப்பு இல்ல. அது வேற செவப்பாயிரும்."

அவர் தலையாட்டினார். "நீங்களே முடிவு பண்ணுங்கம்மா. நான் எதக் கேட்டாலும் இன்னொன்னு போயிரும். வண்டி ரெடியானதும் கூப்புடுங்க, வந்து எடுத்துக்கறேன். நடுவுல வந்து பாக்க மாட்டன்." வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

9

மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் க்ரீம் அடிக்கிறாள். வண்டி கண்காட்சியில் நிற்கிறது, அவர் அதைச் சுற்றிச் சுற்றி

(இதில் அவர் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.)

அவள் ப்ரைமரோடு விட்டுவிடுகிறாள். அவர் அதில் சிதம்பரத்துக்கு ஓட்டிப் போகிறார், டாக்டரம்மாவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு

(இது கண்ணில் தண்ணீர் வரவைக்கும். ஆனால் மோகனப்பிரியா பெயிண்ட்காரி. துரு ஏறும் என்று தெரிந்தே ஒரு வண்டியை அனுப்பினால் அவள் தூங்குவாளா?)

மூன்றாவதை எழுதவே வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். என் கதவு காய்ந்ததும் கேட்டேன், மோகனப்பிரியா சொன்னார். இரண்டு பேரிடம் அதை நான் திருப்பிச் சொல்லியும் பார்த்தேன். ஒருவர் "சரியாத்தான் செஞ்சிருக்காங்க" என்றார். இன்னொருவர் "அடப்பாவமே" என்றார். அதோடு இரண்டு பேரும் நடனசபாபதியையும் டாக்டரையும் விட்டுவிட்டார்கள். தீர்ப்பு வந்ததும் வழக்கு மறந்துபோகிறது. ஆகவே உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன், அவ்வளவுதான் என்னால் முடியும்.

மணி நாலு. கிழக்கே, கடல் பக்கம், மேகம் கட்டியிருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஈரக்காற்றில் எந்தப் பெயிண்டும் சரியாகப் பிடிக்காது. வண்டி நடுவில் நிற்கிறது, கதவில் ஒரு உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு கலைந்து. மேசையில் க்ரீம் கலந்து மூடி வைத்த டின் இருக்கிறது, கடைசிச் சொட்டு மஞ்சள் வரை சரியாக. ஆண்டி துப்பாக்கியைக் கழுவி, குழாயை மாட்டி, கம்ப்ரசரைப் போட்டுவிட்டார். துப்பாக்கியின் காலிக் கப்பை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறார். கம்ப்ரசர் சத்தத்தில் அவர் கத்தித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

"என்னா ஊத்தட்டும்?"